குஞ்சப்பனை வளைவில் வண்டியை நிறுத்திய அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை. நல்லது செய்தவரைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அம்மாவும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நமக்குள் இருந்த பழக்கம்தான் எவ்வளவு? நான் மேட்டுப்பாளையம் மண்டியில் சிட்டை எழுதுகிறவன். நீங்கள் மலையிலிருந்து கேரட், பீட்ரூட் லோடு இறக்குகிறவர். "எத்தனை மூட்டைங்ண்ணா?" என்று நான் கேட்பேன், நீங்கள் சொல்வீர்கள், எழுதிக்கொள்வேன். உங்களுக்கு எந்த ஊர் என்றுகூட நான் கேட்டதில்லை.

தங்கச்சி வளைகாப்புக்காகத்தான் அன்றைக்குக் குடும்பத்தோடு கோத்தகிரிக்குக் கிளம்பினோம். தண்ணி, ஆயில், டயர் எல்லாம் பார்த்துத்தான் எடுத்தோம். ஆனால் அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் அவ்வளவு ஏற்றம். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது, பானெட்டுக்குள்ளிருந்து ஆவி பொங்கியது. ஓரம் கட்டி நிறுத்தினேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பலாப்பழ சீசன். பழ வாசனைக்கு அந்தப் பக்கம் யானை இறங்கும் என்பது இந்த ரோட்டில் போகிற எல்லாருக்கும் தெரியும். போனில் சிக்னல் இல்லை. முட்டி வலியோடு அம்மா, தூக்கக் கலக்கத்தில் சின்னவன். சில வண்டிகள் நிற்காமல் போயின. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வளைவில் சட்டென்று நிறுத்த முடியாது, அவர்களும் பிள்ளைகுட்டியோடு போகிறவர்கள்.

காலிச் சாக்குகளோடு மேலே ஏறிக்கொண்டிருந்த உங்கள் பிக்கப் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. "ஏப்பா, மண்டித் தம்பிதானே?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தீர்களே, அந்தக் குரல் கேட்ட பிறகுதான் என் வீட்டம்மா முகத்தில் உயிர் வந்தது.

வந்ததும் நீங்கள் இன்ஜினைப் பார்க்கவில்லை. முதலில் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தீர்கள். இலையோடு நாலு கிளையை ஒடித்து, வளைவுக்குக் கீழே ரோட்டில் போட்டுவிட்டு வந்தீர்கள், கீழிருந்து ஏறுகிற வண்டிக்காரன் தூரத்திலேயே பார்க்கட்டும் என்று. அம்மாவையும் வீட்டம்மாவையும் சின்னவனையும் உங்கள் கேபினில் ஏற்றிக் கதவைச் சாத்தினீர்கள். "யானை வந்தா யாரும் எறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, ஹாரனும் அடிக்கக் கூடாது" என்று அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் என் வண்டிக்கே வந்தீர்கள்.

ரேடியேட்டர் மூடி மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தீர்கள். சூடு தணியாமல் திறந்தால் கொதிதண்ணி முகத்தில் அடிக்கும் என்று என் மகளுக்குப் புரியும்படி சொன்னீர்கள். ஆறிய பிறகு ஈரச் சாக்கை மடித்து மூடி மேல் வைத்து, மெதுவாகத் திருகி, காற்றை விட்டுவிட்டுத் திறந்தீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கிளிப்பை ஒட்டிக் கிழிந்திருந்தது. மகள் டார்ச் பிடிக்க, மூட்டைக் கயிறு அறுக்கிற கத்தியால் கிழிந்த நுனியை மட்டும் வளையமாக வெட்டி எடுத்தீர்கள். மீதி ஹோஸை இழுத்து மாட்டி கிளிப்பை முடுக்கினீர்கள். நல்லவேளை, நீளம் எட்டியது. பச்சைத் தண்ணியை மொத்தமாகக் கொட்டினால் இன்ஜின் ஹெட் விரிசல் விடும் என்று, இன்ஜினை ஓடவிட்டுக் கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினீர்கள்.

"ஏசி வேண்டாம், ஹீட்டரை ஃபுல்லா வை, இன்ஜின் சூட்டை அது கொஞ்சம் இழுக்கும். முள்ளு பாதியைத் தாண்டினா லைட் அடி, நான் நிறுத்திர்றேன்" என்றீர்கள்.

கிளம்பும் முன் ஒன்று செய்தீர்கள், அதை என் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கீழே நடந்து போய்ப் போட்ட கிளைகளையெல்லாம் அள்ளி ஓரத்தில் எறிந்தீர்கள். சக்கரத்துக்கு வைத்த கல்லையும் எடுத்துப் பள்ளத்துப் பக்கம் போட்டீர்கள். "இதை அப்படியே உட்டுட்டுப் போனா, ராத்திரி பைக்ல வர்றவன் விழுந்துருவான் தம்பி." எத்தனை வண்டிக்காரர்கள் அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்!

அரவேனுவில் நிறுத்தி மறுபடி தண்ணி பார்த்தீர்கள். தங்கச்சி வீட்டு வாசல் வரை கூடவே வந்தீர்கள். டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன், கையையே நீட்டவில்லை. விடியுமுன் அடுத்த லோடு ஏற்ற வேண்டும் என்று நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுப் புறப்பட்டீர்கள்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். ரோந்து வந்த வனத்துறை ஊழியர்கள் எங்கள் வண்டி நகரும் வரை ஜீப்பை நிறுத்தி, சோலைப் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். அரவேனு டீக்கடை அக்கா சின்னவனுக்குப் பால் சுட வைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர்கள் பேரைக் கேட்டு வைக்கத் தோன்றாத பதற்றத்தில் இருந்தோம். படித்தால் இதையே எங்கள் கும்பிடாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மெக்கானிக் இரண்டு ஹோஸும் புதுசு மாற்றினார். அப்படியே ஓட்டியிருந்தால் இன்ஜின் போயிருக்கும், கேஸ்கெட்டுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை என்றார். வெட்டின இடத்தைப் பார்த்துவிட்டு, "தொழில் தெரிஞ்ச கை" என்றார். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மண்டி லீவு நாளாகப் பார்த்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். அடுத்த முறை லோடு இறக்க வரும்போது எந்த நாள் என்று சொல்லிவிடுங்கள், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
மண்டித் தம்பி