டீ குடித்தால் சரியாகிவிடும் வண்டி

திண்டுக்கல்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆயிற்று. போனில் பேசினால் நமக்கு ‘சரி, அப்புறம்?’ என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. அதனால் நீ கடிதம் போட ஆரம்பித்தது நல்லதுதான். ஆனால் எனக்குக் கையில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு உட்காரவே ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடுகிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். மெக்கானிக்கல் படிக்கிறேன் என்கிறாள். இத்தனை வருடம் என் நகத்தைப் பார்த்த பிறகும் கேட்கிறாளே என்று அவள் அம்மாவுக்கு ஆச்சரியம். நான் வாயைத் திறக்கவில்லை.

உன் வண்டியில் எரியும் விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு வண்டிக் கதை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி வந்தது. நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் டர்போ டீசல். சிறுமலைக்கு மேலே வீடு கட்டுகிறவர்களுக்கு சிமெண்டும் ஹாலோ பிளாக்கும் ஏற்றுகிற வண்டி. ஜாப் கார்டில் ‘பிக்கப் இல்லை’, அதாவது இழுவை இல்லை, என்று எழுதியிருந்தது. பிக்கப் வண்டிகளின் ஜாப் கார்டில் பாதி அப்படித்தான் இருக்கும். கிளட்ச் தேய்ந்தாலும் பிக்கப் இல்லை, பின் பிரேக் பிடித்துக்கொண்டு விடாவிட்டாலும் பிக்கப் இல்லை, முதலாளி இரண்டு பங்கு லோடு ஏற்றினாலும் பிக்கப் இல்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிற பையனுக்கு அதற்கு மேல் கேட்க நேரம் கிடையாது. ஒரு காலையில் முப்பது வண்டிக்கு அவன் எழுத வேண்டும்.

இது எங்கள் வொர்க்‌ஷாப்புக்கே மூன்றாவது தடவை வருகிறது. முதல் தடவை டீசல் ஃபில்டர் மாற்றியிருந்தார்கள். இரண்டாவது தடவை ரெயில் பிரஷர் சென்சார். இந்தத் தடவை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினால் முந்தைய இரண்டு தடவையும் காட்டிய அதே எரர் கோடுதான்: பி 0087. ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். ‘பம்பை மாத்தணும்னு எழுதிடுங்க’ என்றார் ஃபோர்மேன். ஹை பிரஷர் பம்பு என்றால் பல ஆயிரம் ரூபாய்.

நீ பட்டறையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபோது காமன் ரெயில் நம் பக்கம் அவ்வளவாக வரவில்லை, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஐடிஐயில் நாம் பிரித்துப் பூட்டியது இன்லைன் பம்பு. ஒவ்வொரு நாசிலுக்கும் பம்பே டீசலை அளந்து அனுப்பும், 200 பார் வாக்கில் நாசில் திறந்துகொள்ளும். இப்போது அளக்கிற வேலை பம்புக்கு இல்லை. அழுத்திக் கொடுப்பதோடு அதன் வேலை சரி. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற நான்கு இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரு கனத்த குழாய் கிடக்கும், அதுதான் ரெயில். அதற்குள் டீசல் காத்திருக்கும். எந்த இன்ஜெக்டர், எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம் சொல்லும். ஐடிலில் 300 பாருக்குள் இருக்கும் அழுத்தம், லோடோடு ஏறும்போது 1,600 வரை போகும். லாரி டயரிலேயே 8 பார்தான். அது வெடித்தால் என்ன ஆகும் என்று பைபாஸில் நீ பார்த்திருக்கிறாய்.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வாத்தியார் கற்றுக்கொடுத்த மாதிரி, ஓடுகிற இன்ஜினில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்து எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்கிற வேலையை இந்த வண்டியில் செய்துவிடாதே. அந்த அழுத்தத்தில் பீச்சுகிற டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை வீணாகி, விரலையே எடுக்க வேண்டி வரலாம். உன் கை சும்மா இருக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டார் போயிருக்கலாம், வழியில் குழாய் ஒழுகலாம், கிணற்றில் தண்ணீரே இல்லாமலும் இருக்கலாம். தொட்டியில் தண்ணீர் இல்லை என்பதைத்தான் ஸ்கேனர் சொல்கிறது. மோட்டாரை மாற்றிவிட்டு அப்புறம் கிணற்றை எட்டிப் பார்க்கிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய.

முதலில் ஒழுக்கைப் பார்த்தேன். மிஞ்சுகிற டீசல் திரும்பிப் போகிற ரிட்டன் லைனை நான்கு இன்ஜெக்டரிலும் கழற்றி நான்கு பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட்டினேன். ஏதாவது ஓர் இன்ஜெக்டர் உள்ளுக்குள் தேய்ந்திருந்தால் அந்த பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும். நான்கும் சமமாகத்தான் ஏறின. வொர்க்‌ஷாப்பில் நிற்க வைத்து ரேஸ் செய்தால் இசிஎம் கேட்கிற அழுத்தமும் வருகிற அழுத்தமும் ஒன்றாகவே இருந்தன. பம்பு செத்திருந்தால் இங்கேயே முகம் காட்டியிருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் லோடு இல்லாமல் அதை அடித்துச் சொல்ல முடியாது.

பிறகு டிரைவரைத் தேடிப் போனேன். மூன்று தடவை வந்தும் அவரிடம் யாருமே உட்கார்ந்து பேசவில்லை. நம் வயது இருக்கும். வாசலில் வேப்பமர நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது இழுவை போகிறது என்று கேட்டேன். ‘கீழே ரெண்டு மூணு கொண்டை ஊசி வரைக்கும் ஜம்முனு ஏறும் சார். அப்புறம் மூச்சு வாங்கும், லைட் எரியும், ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஒண்ணும் வராது. ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா சரியாயிடும். மறுபடி ரெண்டு வளைவு ஏறும். மேலே போறதுக்குள்ள மூணு டீ ஆயிடுது’ என்றார்.

மாப்பிள்ளை, எனக்கு அந்த டீயில்தான் பிடி கிடைத்தது. தேய்ந்த பம்பு டீ குடித்தால் சரியாகாது. ஆஃப் செய்தால் உடனே விலகி, ஓடினால் மறுபடி வந்து அடைக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. இந்த வண்டியில் டேங்குக்குள் தள்ளிக்கொடுக்கிற மின்சாரப் பம்பு கிடையாது. மேலே இருக்கிற பம்பே டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் முழு டீசலையும் கேட்கும்போது உறிஞ்சுகிற வேகம் கூடும். நின்றவுடன் உறிஞ்சல் விட்டுப்போகும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு கேனில் டீசல் பிடித்து, பாடியில் கேபினுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினேன். ஃபில்டருக்குப் போகிற லைனையும் திரும்பி வருகிற ரிட்டன் லைனையும் டேங்கிலிருந்து பிரித்து அந்தக் கேனுக்கே கொடுத்தேன். ரிட்டனைக் கொடுக்க மறந்தால் கேன் சீக்கிரமே காலியாகி, டீசல் எல்லாம் டேங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தடவை அப்படி மறந்து நத்தம் ரோட்டில் நின்றிருக்கிறேன். லோடு அப்படியே இருக்க, டிரைவரையே ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்தேன். பதினெட்டு கொண்டை ஊசியும் ஏறினோம். கேட்டது 1,500, வந்தது 1,490. ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இறங்கி வந்து டேங்கைக் கழற்றினோம். உள்ளே, உறிஞ்சுகிற குழாயைச் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலிதீன் துண்டு நீந்திக்கொண்டிருந்தது. டீசல் மூடி தொலைந்துபோய் ஒரு மாதம் கவரைச் சுருட்டி அடைத்து ஓட்டினாராம். புது மூடி வாங்கிய அன்று கவரின் ஒரு பாதியைக் காணவில்லை, காற்றில் போய்விட்டது என்று நினைத்தாராம்.

ஃபில்டர், சென்சார், எழுத இருந்த பம்பு, மூன்றுமே குற்றமற்றவை. கழற்றின சென்சார் இன்னும் என் டூல் பாக்ஸில் கிடக்கிறது. பில்லில் டேங்க் கழற்றி மாட்டின கூலி மட்டும் போட்டார்கள். மலை ஏறி இறங்கின அரை நாளுக்குக் கணக்கு கிடையாது. எங்களுக்கு இன்சென்டிவ் எப்படி என்று உனக்குத் தெரியும். விற்ற ஸ்பேர், போட்ட லேபர், இரண்டையும் வைத்துத்தான். பம்பை எழுதியிருந்தால் எனக்கும் நல்ல மாதம், ஷோரூமுக்கும் நல்ல மாதம். வண்டி நான்காவது தடவை வந்திருக்கும், அவ்வளவுதான். மேனேஜர் என்னைத் திட்டவில்லை. ‘நல்லாத்தான் கண்டுபிடிச்சீங்க, ஆனா அன்னைக்கு உங்க பேர்ல இன்னும் நாலு வண்டி நின்னுச்சு’ என்றார். அவர் சொல்வதும் பொய் இல்லை.

இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால், அப்போது வேறு ஒரு ஷோரூமில் இருந்தேன். ஒரு பூ வியாபாரியின் பிக்கப், இதே மாதிரி இழுவை இல்லாமல் வந்தது. எரர் கோடு பி 0299, இன்ஜினுக்குள் டர்போ போதுமான காற்றைத் தள்ளவில்லை என்று. டர்போ ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன், லேசாக ஆடியது. லேசாக எல்லா டர்போவும் ஆடும். எனக்கு அது தெரியும். ஆனாலும் டர்போவை மாற்ற எழுதினேன். வாரண்டி முடிந்திருந்த வண்டி, அவர் கைக்காசு. சங்கிலியை அடகு வைத்துத்தான் கட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நாலாவது நாள் வண்டி திரும்பி வந்தது. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸில், அடிப்பக்கம், கிளாம்ப்பை ஒட்டி ஒரு விரிசல். நிற்கும்போது மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாது. காற்று அழுத்தம் ஏறினால் வாய் மாதிரி பிளக்கும். கையை அடியில் விட்டுத் தடவியிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும், கருப்பு எண்ணெய் கசிந்து பிசுபிசுத்திருந்தது. ஹோஸை மாற்றினேன், காசு வாங்கவில்லை. டர்போவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஹோஸை சும்மா போட்டுக்கொடுத்ததற்கு நன்றி சொல்லி, மறுநாள் வீட்டுக்கு ஒரு பை மல்லிகை கொடுத்தனுப்பினார். உன் அக்கா அன்றைக்கு அந்தப் பூவைத் தொடுத்து அக்கம்பக்கம் முழுக்கக் கொடுத்தாள். எனக்கு அந்த வாசனையே ஆகவில்லை. அவர் இப்போதும் பூ மார்க்கெட்டில்தான் இருக்கிறார். அந்தப் பக்கம் போனால் நான் வேறு தெரு சுற்றிப் போகிறேன். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உன் வண்டிக்கு வருகிறேன். உன்னுடையது பிஎஸ் 6, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்த மாதிரி டீசல் வண்டிகளில் சைலன்சர் பக்கம் டிபிஎஃப் என்று ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள், கரியைப் பிடித்து வைத்துக்கொள்ள. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு 600 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். நீ தோட்டத்துக்கும் மண்டிக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறாய், நிறுத்துகிறாய், திராட்சைப் பெட்டி இறக்குகிறாய், மறுபடி மூன்று கிலோமீட்டர். சூடு ஏறுவதற்குள் ஆஃப். விளக்கு எரியாமல் என்ன செய்யும்? மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் ஒரு நாள் தேனி ரோட்டில் இறங்கி, ஒரு கியர் குறைத்து, இன்ஜின் வேகத்தை 2,000க்குக் குறையாமல் வைத்து அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டு. பெரும்பாலும் அணைந்துவிடும். கூடவே செக் இன்ஜின் விளக்கும் எரிந்து இழுவையும் குறைந்தால் ஓட்டிப் பார்க்காதே, இங்கே கொண்டுவா. உள்ளே குத்தி எடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் பக்கத்தில் சேர்க்காதே. எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது.

அதைவிட அவசரமான ஒன்று. கரியை எரிக்க இன்ஜின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விடும். பாதியில் நீ ஆஃப் செய்துகொண்டே இருந்தால் அந்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு சேரும். ஆயில் குறைவதைத்தான் நாம் பார்ப்போம். இதில் ஆயில் கூடும். நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் மாற்றும்போதும் மானுவலில் போட்டிருக்கிற கிரேடையே கேள். சாம்பல் குறைவான ஆயில் அது. மற்றதை ஊற்றினால் சல்லடையில் சாம்பல் தங்கும், அது எரியாது.

நாளைக் காலையில் வண்டியை சமதரையில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாதே, எனக்கு போன் போடு. இதற்குக் கடிதம் வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
கடைசி பெஞ்ச் மாப்பிள்ளை