வௌவால் பாடத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் வௌவால் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பார்க்க வந்தவர்கள் எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். பாதி வேலை பார்த்தது ஊர்க்காரர்கள்தான், அதனால் இந்த மடல். பெயர் போட்டால் சிலர் கூச்சப்படுவார்கள். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்கள் தமிழய்யா. வௌவாலை அறிவியல் பாடத்தோடு நிறுத்தாதீர்கள் என்று சொன்னவர் அவர். குறுந்தொகையில் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பாட்டு ஒன்று உண்டு. பகலெல்லாம் தங்கியிருந்த முதுமரத்தைத் தனியே விட்டுவிட்டு, பலா மரச் சாரலை நோக்கி மாலையில் வௌவால்கள் கிளம்பும். அவற்றின் சிறகுக்கு ஆம்பல் இலையின் புறப்பக்கத்தை உவமை சொல்கிறார் புலவர். அய்யா கண்மாயில் இறங்கி இலையைப் பறித்துவந்து, திருப்பிப் பிடித்துக் காட்டினார். செம்பழுப்பு நிறம், புடைத்து விரியும் நரம்புகள், ஈரம் காயாத மெல்லிய தோல். பிள்ளைகள் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த பீரியட் என்னுடையது. சிறகின் உள்ளே ஓடுவது நீண்டுபோன விரல் எலும்புகள் என்று சொல்ல எனக்குப் பெரிய சிரமமே இருக்கவில்லை. சத்துணவு அக்கா கொடுத்த உடைந்த கறுப்புக் குடையைப் பிரித்து, கம்பிகளை விரல்களாக வைத்து ஒரு சிறகும் செய்துவிட்டோம். கட்டைவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு பையன் ஹேர்பின்னை வளைத்து மாட்டினான். சரியாகத்தான் செய்தான்.

கணக்கு டீச்சர் வாய்க்கால் கரை மருத மரங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். நாள்காட்டியில் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, வௌவால்கள் கிளம்பும் நேரத்தைப் பக்கத்தில் எழுதி வரைபடம் போட்டார்கள். எண்ணிக்கை குழுவுக்குக் குழு மாறியது. சராசரி எதற்கு என்பது அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

சமூக அறிவியல் ஆசிரியர் எடுத்த பாடம் எனக்கே புதிது. 1948இல் நம் மேகமலையில் பிடிபட்ட ஒரு வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சாதாரணப் பழந்தின்னி என்ற பெயரில் கிடந்திருக்கிறது. அது தனி இனம் என்று 1972இல் கண்டுபிடித்தவர் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா. நம் நாட்டுப் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். “24 வருஷமா யாருமே சரியாப் பாக்கலையா சார்?” என்று பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. அதே 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு தொல்லை உயிரினப் பட்டியலில் வைத்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது.

மதுரையிலிருந்து வந்த ஆய்வு மாணவிக்கும் நன்றி. பூச்சி தின்னும் சின்ன வௌவால் எதிரொலியை வைத்து வழி தேட எழுப்பும் சத்தம் நம் காதுக்குக் கேட்காது. அதைக் கேட்கவைக்கும் கருவி ஒன்றை அவர் கொண்டுவந்தார், அதில் அந்தச் சத்தம் ‘டிக் டிக்’ என்று கேட்டது. பூச்சியை நெருங்கியதும் ‘விர்ர்’. பெரிய பழந்தின்னி தலைக்கு மேல் போனபோது கருவி சும்மா இருந்தது. அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் போகிற ஜாதி என்று அவர் சொன்னார்.

சுகாதாரச் செவிலியர் அக்கா வராமல் இருந்திருந்தால் பாதிப் பெற்றோர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்கள். 2018இல் கோழிக்கோட்டில், பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பரவும் நிபா வைரஸ் காய்ச்சல் வந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கடித்த பழத்தைத் தின்னாதே, விழுந்து கிடக்கிற வௌவாலைத் தொடாதே, கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்று நேராகச் சொன்னார். பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை.

எல்லாரையும்விட நான் கடன்பட்டிருப்பது திராட்சைத் தோட்டத்து அண்ணனுக்கு. கூப்பிட்டபோதே, “நான் வந்தா உங்க பாடத்துக்கு எதிராத்தான் பேசுவேன்” என்று சொல்லிவிட்டார். அதற்காகவே வாருங்கள் என்றோம். கடிபட்ட பன்னீர்த் திராட்சைக் கொத்து ஒன்றை மேசைமேல் வைத்தார். பாதிப் பழங்கள் உறிஞ்சிப்போட்ட தோலாக இருந்தன, மீதியில் ஈ மொய்த்தது. மருந்து, ஆள்கூலி, வலை என்று செலவுக் கணக்கை வரிசையாகச் சொன்னார். வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம் ஒரு பெண் எழுந்து, வலையில் வௌவால் மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். “தொய்ஞ்ச வலைதான் மாட்டும். ஆந்தையும் மாட்டும், பாம்பும் மாட்டும். சின்னக் கண்ணு வலையா வாங்கி இழுத்துக் கட்டினா மாட்டாது. ஆனா விலை கூட” என்றார். வௌவால் நல்லது என்று மட்டும் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சு வந்தே இருக்காது. அந்தச் செலவுக் கணக்கையும் பிள்ளைகள் அட்டையில் எழுதிக் கண்காட்சியில் மாட்டினார்கள். இலுப்பை விதையை வௌவால் பரப்பும் படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

இரவல் டார்ச்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பச்சைப் பிடி போட்ட ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியவில்லை, தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். பேட்டரி தீர்ந்துவிட்டது, புதிது போட்டு வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை