குஞ்சுத் தீவனத்தில் கெட்டுப்போன மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் சேரும் கருவாட்டுத் தூளின் தரம் குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்தை ஈர்க்க விரும்புகிறேன். ராசிபுரம் அருகே சிறு பண்ணை நடத்தும் நான், மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்குடன் உப்பில்லாக் கருவாட்டை அரைத்துத் தீவனத்தை நானே கலந்து வந்தேன். சென்ற முறை விட்ட குஞ்சுகள் மூன்று வாரமாகியும் எடை ஏறாமல், சிறகு தொங்கி ஒடுங்கி நின்றன. ரத்தக் கழிச்சல் என்று எண்ணி மருந்து கொடுத்தும் பயனில்லை. இறந்த குஞ்சொன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டியபோது, தீனிப்பையில் காப்பித்தூளைக் கரைத்தது போன்ற கருநீர் தேங்கியிருந்தது. இரையை அரைக்கும் அரைவைப்பையின் மஞ்சள் உட்தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. பிறகு எத்தனை நாள் காயவைத்தாலும், வேகவைத்தாலும் அது போகாது. குஞ்சின் வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டிப் புண்ணாக்குவது இதுவே. அத்தகைய மீனை ஆலையில் அளவுமீறிய சூட்டில் உலர்த்தினால், ஜப்பானிய ஆய்வாளர்கள் 1983இல் கண்டறிந்த கிஸ்ஸெரோசின் என்னும் இன்னும் கொடிய நச்சும் உருவாகிறது. கெட்டுச் சிக்கடித்த மீன் எண்ணெயோ தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயை அழித்துவிடும். அந்தக் குறை முற்றினால் குஞ்சுகள் தலை திருகி மல்லாந்து விழும்.

வாங்குபவர்களாகிய நாங்கள் பார்ப்பதெல்லாம் உப்பையும் மணலையும் புரத அளவையும்தான். உலர்த்தும்போது மீன் எந்த நிலையில் இருந்தது என்பது அரைத்த தூளில் கண்ணுக்குத் தெரியாது. நான் முறையிட்டபோது வியாபாரி, "கருவாடென்றால் நாறத்தானே செய்யும்" என்று சொல்லி மூட்டையைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

ஆகவே, தீவனத்திற்கென விற்கப்படும் ஒவ்வொரு மூட்டையிலும் உலர்த்திய தேதி, ஹிஸ்டமின் அளவு, கொழுப்பின் சிக்குத்தன்மை ஆகியவற்றை அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. சில நூறு குஞ்சுகள் வளர்ப்பவரும் ஒரு கைப்பிடித் தூளைக் கொடுத்து, கலப்பதற்கு முன்பே முடிவைப் பெறும்படி கட்டணத்தையும் காலத்தையும் குறைத்துத் தர வேண்டும். அதுவரை என் குஞ்சுகளுக்குக் கருவாட்டை நிறுத்தி, சோயாவுடன் மெத்தியோனின், லைசின் என்னும் அமினோ அமிலங்களையும் சேர்த்துக் கொடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
சிறு கோழிப்பண்ணையாளர்,
ராசிபுரம்.