எந்த ரூமுக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்: சென்னை எலக்ட்ரிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தெருமுனையிலும் மார்க்கெட்டிலும் எலக்ட்ரிக்கல் கடை நடத்தும் சென்னை அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

"ஒன்பது வாட்ஸ் பல்ப் ஒண்ணு கொடுங்க" என்று யார் வந்து கேட்டாலும் உங்கள் கை தானாக ஒயிட் பல்ப் இருக்கும் தட்டுக்குத்தான் போகிறது. டப்பாவில் கூல் டேலைட், 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். ஹோல்டரில் மாட்டி எரியவைத்துக் காட்டி, வாரண்டிக்குத் தேதி எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். வாங்கினவர் அதையே படுக்கையறையில் மாட்டுகிறார், பூஜை அலமாரிக்கு மேலே மாட்டுகிறார், வயதான மாமியார் படுக்கும் ரூமிலும் மாட்டுகிறார். வேளச்சேரியிலோ பெரம்பூரிலோ ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அபார்ட்மெண்டைத் தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள், ஏறக்குறைய எல்லா ஜன்னலிலும் ஒரே நீலம் கலந்த வெள்ளை. "எந்த ரூமுக்கு?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், இது மாறும் என்று நான் நம்புகிறேன். கம்பெனிக்கோ பில்டருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதும் அதனால்தான். சென்னையில் ஒரு வீட்டின் வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் உங்கள் கவுண்டரில்தான் முடிவாகிறது.

டப்பாவில் இருக்கும் அந்தக் கெல்வின் எண்ணை வாடிக்கையாளருக்கு விளக்க அரை நிமிஷம் போதும். இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும். அந்தச் சூட்டின் அளவையே வெளிச்சத்தின் நிறத்துக்கும் அளவாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் எண் குறையக் குறைய மஞ்சள், ஏற ஏற நீலம். அகல் விளக்கு ஏறக்குறைய 1900, பழைய குண்டு பல்ப் 2700, உச்சி வெயில் 5500 பக்கம், மேகம் மூடிய பகல் வானம் 6500. ஆக, கூல் டேலைட் என்பது பகல் வெளிச்சத்தின் நிறம். ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலுக்கு மேலே அதற்கு என்ன வேலை?

மஞ்சள் வெளிச்சம் தரும் வார்ம் பல்பை எடுத்துக் காட்டினால் வாடிக்கையாளர்களே வேண்டாம் என்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், நானும் கவுண்டரில் நின்று கேட்டிருக்கிறேன். "சென்னை வெயிலுக்கு மஞ்சள் லைட் வேற போட்டா ரூம் இன்னும் சூடாகும்" என்பது ஒன்று, "மஞ்சள்னா அழுது வடியும்" என்பது இன்னொன்று. இரண்டும் குண்டு பல்ப் காலத்து அனுபவம். அந்த 60 வாட்ஸ் பல்ப் இழுத்த கரண்டில் பெரும்பகுதி சூடாகவே போயிற்று, அதுவும் லோ வோல்டேஜில் மங்கி எரியும். எல்இடி வேறு ஜாதி. உள்ளே இருப்பது நீல வெளிச்சம் தரும் ஒரு சின்னச் சில்லு, அதன் மேல் பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு பகுதியை அந்தப் பூச்சு மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுவதால்தான் நமக்கு வெள்ளை கிடைக்கிறது. (அந்த நீல எல்இடிக்காகத்தான் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள்.) பூச்சைக் கொஞ்சம் கூட்டி, கலவையை மாற்றினால் வார்ம். மற்றபடி ஒன்பது வாட்ஸ் ஒன்பது வாட்ஸ்தான்: பில் அதே, சூடும் கையில் தெரிகிற அளவுக்கு மாறாது. ஒரே கம்பெனியின் ஒரே வாட்ஸில் வார்ம் பல்புக்கு லூமன், அதாவது பல்ப் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு, கொஞ்சம் குறையலாம், அது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அழுது வடிகிறது என்றால் குற்றம் நிறத்தில் இல்லை, பெரிய ஹாலுக்கு ஐந்து வாட்ஸ் மாட்டினதில் இருக்கிறது. லூமன் எண்ணைப் பார்த்துக் கொடுங்கள், அந்தப் புகார் வராது.

படுக்கையறை விஷயத்தில்தான் எனக்கு ரொம்ப ஆதங்கம். நம் கண்ணில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, பகலா ராத்திரியா என்று மூளைக்குச் சொல்லும் தனி செல்களும் இருக்கின்றன. 480 நானோமீட்டர் பக்கத்து நீல வெளிச்சம்தான் அவற்றை அதிகம் தூண்டும். அது பட்டுக்கொண்டே இருந்தால் தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. நிறம் மட்டும் காரணம் இல்லை, பிரகாசமும் சேர்ந்துதான். ஆனால் சின்ன பெட்ரூமில் இருபது வாட்ஸ் ஒயிட் பேட்டனை, அதாவது ட்யூப்லைட் மாதிரி நீளமான எல்இடி விளக்கைப் போட்டுவிட்டுப் படுக்கிற நிமிஷம் வரை அதன் கீழேயே உட்கார்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே அடிக்கிறது. அங்கே 2700 அல்லது 3000 கொடுங்கள். "பையன் அந்த ரூம்லதான் பிளஸ் டூவுக்குப் படிக்கிறான்" என்றால் மேலே 3000, மேஜைக்கு மட்டும் 4000-இல் ஒரு டேபிள் லேம்ப் என்று சொல்லுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால் மேஜையில் போதிய வெளிச்சம் விழ வேண்டும், ரூம் முழுக்க நீலமாக வேண்டியதில்லை.

சமையலறைக்கு வேறு கணக்கு. இங்கே 4000 நல்லது, ஆனால் எண்ணைவிட முக்கியம் சிஆர்ஐ, அதாவது பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு. சாதாரண எல்இடியில் இது 80 பக்கம் இருக்கும், அதிலும் சிவப்புதான் முதலில் அடிவாங்கும். வெங்காயம் பொன்னிறமாச்சா, கறி வெந்து நிறம் மாறிச்சா, மிளகாய்த்தூள் பச்சை வாசனை போய் நிறம் இறங்கிச்சா என்று கண்ணால் பார்த்துச் சமைக்கிறவர்களுக்கு 90-க்கு மேல் கொடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கும்போது வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்கிறோமே, அதுவும் இந்தக் காரணத்துக்காகத்தான். ட்யூப்களில் 840, 865 என்று அச்சடித்திருப்பதன் பொருளும் இதுவே: முதல் எண் சிஆர்ஐ 80-க்கு மேல் என்கிறது, அடுத்த இரண்டும் 4000, 6500 என்கின்றன. அப்புறம் ஒன்று, நம் ஃபிளாட்டுகளில் கிச்சன் லைட் நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அவர் நிழலே அரிவாள்மனை மேல் விழும். மேடைக்கு நேர் மேலே, அலமாரிக்கு அடியில் ஒரு சின்ன பேட்டன் போடச் சொல்லுங்கள், உங்களுக்கும் வியாபாரம்.

பூஜை இடத்துக்கு 2700, விளக்கின் சுடரோடு ஒத்துப்போகும், பித்தளையும் பித்தளையாகத் தெரியும். சாப்பாட்டு மேஜைக்கு 3000. பாத்ரூம் கண்ணாடிக்கும் துணி அயர்ன் பண்ணும் இடத்துக்கும் 4000. ஒயிட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கார் ஷெட், மோட்டார் ரூம், தையல் மெஷின், கணக்கு எழுதும் கடை மேஜை இதற்கெல்லாம் 6500 போடட்டும். ஒரே ஹாலில் ஒரு டவுன்லைட் மஞ்சள், பக்கத்தில் ஒன்று நீலம் என்று கலந்து மட்டும் விற்காதீர்கள்.

வயதானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதாக ஆகக் கண் லென்ஸ் பழுப்பேறி உள்ளே போகும் வெளிச்சமே குறைகிறது, அதே சமயம் பிரகாசமான விளக்கு நேராகப் பட்டால் கூச்சமும் கூடுகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து புது லென்ஸ் வைத்ததும் நீலம் சட்டென்று அதிகமாகத் தெரிகிறது என்பவர்கள் பலர். அவர்கள் ரூமுக்கு வாட்ஸைக் குறைக்காமல் 3000, பால் நிறக் கவரோடு கொடுங்கள். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும் வழிக்குத் தரையோரமாக ஒரு மங்கலான மஞ்சள் விளக்கு.

திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரைக் கடைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேண்டுகோள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் அந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் ராத்திரி முழுக்க மணலில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து நகரும். பீச்சைப் பார்த்த பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும் வெள்ளை ஃபிளட் லைட் கேட்டு வருகிறவரிடம் இதைச் சொல்லி, அம்பர் (செம்மஞ்சள்) விளக்கு, கீழ்நோக்கிய கவர், தேவையில்லாதபோது அணைக்க ஒரு சென்சார் கொடுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கும் வெளிவிளக்கு மஞ்சளாக இருந்தால் ஐப்பசி மழைக்கு ஈசல் கொஞ்சம் குறைவாக மொய்க்கும். கொசு அப்படியேதான் வரும், அதைச் சொல்லி மட்டும் விற்க வேண்டாம்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. கவுண்டரில் இருக்கும் டெஸ்டிங் போர்டில் மூன்று ஹோல்டர் வைத்து 3000, 4000, 6500 என்று எண் எழுதி ஒட்டுங்கள், வருகிறவர் கையை அடியில் நீட்டித் தோலின் நிறத்தைப் பார்த்து அவரே முடிவு செய்வார். ஒன்பது வாட்ஸில் வார்மும் 4000-உம் எப்போதும் ஸ்டாக் வையுங்கள், "ஆர்டர் போட்டா ரெண்டு நாள் ஆகும்" என்றால் எல்லோரும் ஒயிட்டையே வாங்கிப் போய்விடுவார்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு, ஸ்விட்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும் த்ரீ-இன்-ஒன் பல்பைக் காட்டுங்கள்.

தை பிறந்ததும் கிரகப்பிரவேச வியாபாரம் தொடங்கும். எலக்ட்ரீஷியன் கொண்டுவரும் லிஸ்டில் "9 வாட்ஸ் 20, பேட்டன் 8" என்று மட்டும் எழுதியிருக்கும். பில் போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு, எத்தனை பெட்ரூமுக்கு, எத்தனை கிச்சனுக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் பல்ப் வாங்கும் ஒரு சென்னைவாசி