ஆர்எக்ஸ்இசட் வாங்கப் போகும் மச்சானுக்கு

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதமும் கூடவே வந்த மோட்டார் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி விட்டுவிட்டு வருகிறது, மற்றபடி காலையில் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார். மூத்தவள் பிள்ளையோடு எங்களிடமே வந்துவிட்டாள், மருமகனுக்கு ரவாங்கில் வேலை, இங்கிருந்தே போய் வருகிறார். நம் தீம்பாரில் கடைசியாக நின்ற ரப்பர் மரங்களையும் தள்ளிவிட்டார்கள், இப்போது எங்கு திரும்பினாலும் செம்பனைதான், நாம் இருந்த லயத்தில் பள்ளிக்கூடப் பக்கத்து வீடுகள் சிலதைத் தவிர மற்றதெல்லாம் புல் மண்டிக் கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இபிஎஃப் பணம் கைக்கு வந்திருக்கிறது, அந்தக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை இப்போதாவது வாங்கிவிட வேண்டும், யமஹா ஆர்எக்ஸ்இசட் வாங்கலாமா, ஹோண்டா என்எஸ்ஆர் 150 வாங்கலாமா, இல்லை அந்த சுசூகி ஆர்ஜிவி 250 வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு மச்சான். ஆனால் ஆர்எக்ஸ்இசட் வாங்கு. அதிலும் நீ அனுப்பிய இரண்டாவது படத்தில் புதுப் பெயிண்ட் பளபளக்க நிற்கிறதே, அதை வாங்காதே.

டூ-ஸ்ட்ரோக்கில் நாம் மயங்குவதற்கும் அவதிப்படுவதற்கும் காரணம் ஒன்றுதான். ஃபோர்-ஸ்ட்ரோக் மாதிரி அதற்குத் தலையில் வால்வு கிடையாது, அதைத் திறக்கும் கேம் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய ஓட்டைகள்தான் உண்டு, பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே அவற்றைத் திறந்து மூடுகிறது. கிராங்க் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு, ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்று. ஆர்எக்ஸ்இசட்டுக்கு வெறும் 133 சிசி எஞ்சின், நூறு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை, அதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் பெரிய மோட்டார்களையே நம் ஊர்ப் பையன்கள் கோலசிலாங்கூர் சாலையில் விரட்டினார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம். ஆனால் புகைபோகும் ஓட்டையும் புதுக்கலவை வரும் ஓட்டையும் ஒரே சமயத்தில் திறந்து கிடப்பதால், எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி நேராகப் புகைக்குழாயான எக்ஸோஸ் வழியாகவே வெளியே போய்விடும். கால் பங்கு வரை வீணாகும் என்பார்கள். பெட்ரோல் செலவு, புகை, நாற்றம், கடைசியில் இந்த மோட்டார்களைச் செய்வதை நிறுத்தியது எல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

அந்த வயிறு பெருத்த எக்ஸோஸ் இருக்கிறதே, அது வெறும் சத்தத்துக்கு என்றுதான் பல பையன்கள் இன்றும் நினைக்கிறார்கள். வெளியே ஓடும் கலவையைத் திருப்பித் தள்ளத்தான் அந்த வயிறு. வெடிப்பு வெளியே போகும்போது ஓர் அழுத்த அலை கிளம்பி, குழாயின் ஒடுங்கும் பக்கத்தில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். இதை ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் செய்து காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். அவருடைய ஓட்டக்காரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் சுவீடன் பந்தயத்தோடு மேற்கே தப்பிப் போய் சுசூகியில் சேர்ந்தார், அடுத்த வருடமே 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்கு. காடனுக்கு அதில் ஒரு காசு கிடைக்கவில்லை. ஜப்பான்காரர்கள் அதற்கப்புறம் செய்த ஒவ்வொரு டூ-ஸ்ட்ரோக்கிலும், நம் தவுக்கே முதலாளியின் கடை வாசலில் நின்ற ஆர்எக்ஸ்இசட் வரைக்கும், அந்த மனுஷனின் வேலை இருக்கிறது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அந்த அலை எல்லா வேகத்திலும் சரியான நேரத்துக்குத் திரும்பி வராது, அதுதான் விஷயம். கீழ் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, முன்பின்னாக வரும், எஞ்சின் மந்தமாக உறுமிக்கொண்டு கிடக்கும். ஆறாயிரத்தைத் தாண்டும்போது அலை நேரத்துக்கு வந்து சேரும், சத்தம் மாறும், கைப்பிடி லேசாகும், முன்சக்கரம் தரையை மறந்த மாதிரி இருக்கும். நாம் பவர் பேண்ட் என்று சொல்வது அதைத்தான். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் முறுக்க முறுக்க வேகம் கூடும், அவ்வளவுதான். இதில் நீ காத்திருக்க வேண்டும், கியரைச் சரியாகப் பிடித்து ஊசியை அந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும், விட்டால் போச்சு, மறுபடி மேலே கொண்டுவர வேண்டும். ஓட்டுகிறவனுக்கு வேலை வைக்கும் வண்டி இது. அதனால்தான் பிடிக்கிறது எனக்கு. இன்று என் மருமகன் வைத்திருக்கும் 150 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் கப்சாய் எல்லாவற்றிலும் நல்ல வண்டி, பெட்ரோல் மிச்சம், மழையிலும் ஒரே மிதியில் ஸ்டார்ட், ஆனால் அதை ஓட்டிவிட்டு இறங்கும்போது நான் எதையும் ஓட்டின மாதிரி இருக்காது.

ஷா ஆலாம் பாத்து தீகாவுக்கு நாம் பந்தயம் பார்க்கப் போனது உனக்கு நினைவிருக்கும். 1991-ல் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி நம் நாட்டுக்கு வந்தபோது 500 சிசியில் ஜெயித்தவர் ஜான் கொசின்ஸ்கி. 1996-ல் 125 சிசியில் ஓர் இத்தாலியப் பையன் தன் முதல் உலகப் பந்தயத்தை அங்கேதான் ஓட்டி ஆறாவதாக வந்தான், யார் என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. வாலண்டினோ ரோசி! 2001-ல் 500 சிசியின் கடைசிப் பட்டத்தையும் அவனே வாங்கினான். அடுத்த வருடம் 990 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வந்தது, 250 சிசி டூ-ஸ்ட்ரோக் பந்தயம் 2009-ஓடு போனது, 125 சிசி 2011-ஓடு போனது. நம் ஆர்எக்ஸ்இசட்டையும் அதே 2011-ல்தான் நிறுத்தினார்கள். 1985-ல் வந்த வண்டி, ஐந்து கியரில் ஆரம்பித்து ஆறு கியராகி, கடைசியில் புகையைக் குறைக்க கேட்டலைசர் மாட்டியும் பார்த்தார்கள். இருபத்தாறு வருடம் ஓடியது.

நிறுத்தியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உன்னிடம் இதை மறைத்து என்ன பயன்? பேரனுக்கு இளைப்பு இருக்கிறது. அவன் வீட்டில் இருக்கும்போது நான் என் டூ-ஸ்ட்ரோக்கை உள்ளே ஸ்டார்ட் செய்வதே இல்லை, தள்ளிக்கொண்டு போய் பெரிய சாலை முனையில் வைத்துத்தான் மிதிப்பேன். குளிர்ந்த எஞ்சின் முதல் சில நிமிடம் விடும் நீலப் புகை எரிந்த எண்ணெய், ஒரு வண்டியில் அது வாசனை, ஒரு சின்ன ஊரில் முப்பது வண்டி காலையில் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் அது சின்னப் பிள்ளைகள் மூச்சில்தான் போகும். நாம் வளர்ந்ததே அந்தப் புகையில்தான். தினமும் வேலைக்கு, கடைக்கு என்று ஓட்ட இதை வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். வாரத்தில் ஒரு காலை, தீம்பார் சாலையில், அதற்கு வாங்கு.

இப்போது உன் மூன்று வண்டிகளைப் பற்றி. ஆர்ஜிவி 250 அருமையான வண்டி, ஏப்ரிலியாக்காரன் தன் ஆர்எஸ் 250-க்கு அந்த எஞ்சினைத்தான் வாங்கிப் போட்டான், உன் பி2 லைசென்ஸுக்கும் அது அடங்கும். ஆனால் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு பவர் வால்வு, ஒரு பக்கம் கெட்டால் அடுத்த பக்கமும் கூடவே போகும், சாமானுக்கு ஜப்பானைப் பார்த்துக்கொண்டு மாசக்கணக்கில் உட்கார வேண்டும். என்எஸ்ஆர் 150 வேகத்தில் ஆர்எக்ஸ்இசட்டை விட மேல்தான், தண்ணீர் குளிரூட்டி வேறு, ஆனால் அதன் கவர் ஒன்று உடைந்தால் அசல் கிடைக்காது. ஆர்எக்ஸ்இசட்டுக்கு இன்னும் எல்லாம் கிடைக்கிறது, எந்த ஊர்ப் பட்டறையிலும் அதன் குடலை உருவத் தெரிந்த ஒருவர் இருப்பார். கஷ்டம் என்னவென்றால், கிடைப்பதில் பாதி போலி. போலி பிஸ்டன் சூடேறினால் அளவு மீறி விரியும், அப்புறம் ஜாம்தான். எனக்குத் தெரிந்த ஒரு பையன் கோலசிலாங்கூரில் ஒரு கடையில் அசல் என்று சொன்னதை நம்பி வாங்கிப் போட்டு, வண்டி நடுச்சாலையில் இறுகி, தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான்.

பெயிண்டைப் பார்க்காதே என்று சொன்னேன் அல்லவா, நான் பார்ப்பது கிராங்க் சீலைத்தான். கிராங்க் பெட்டியின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையம் வருடக்கணக்கில் நின்றால் காய்ந்து போகும். இடது பக்கம் போனால் காற்று உள்ளே இழுக்கும், கலவை மெலியும், எஞ்சின் கொதிக்கும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். வலது பக்கம் போனால் கியர் எண்ணெயை உறிஞ்சிக் குடித்து வெள்ளையாகப் புகை விடும். ஆகவே வண்டியை நன்றாகச் சூடேற்றி, நின்ற இடத்தில் முறுக்கிப் பட்டென்று விட்டுப் பார். சத்தம் உடனே கீழே விழ வேண்டும். மேலேயே தொங்கிக்கொண்டு மெதுவாக இறங்கினால் அந்த வண்டி காற்று வாங்குகிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடு. அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பார், கோப்பித் தூள் நிறமாக இருந்தால் நல்லது, வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, கறுப்பாக ஈரமாக இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ அதிகம். எஞ்சின் நம்பரை விரல் வைத்துத் தடவிப் பார், எழுத்து கோணலாகவோ அடியில் உரசின தடமோ இருந்தால் தொடாதே. ஆர்எக்ஸ்இசட் அவ்வளவு திருட்டுப் போகிறது, கிராண்ட் என்கிற பதிவுப் பத்திரம் ஒரு வண்டிக்கும் எஞ்சின் இன்னொரு வண்டிக்குமாகப் பொருத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். பேர் மாற்றும்போது அது வெளியே வந்தால் உன் பணமும் போகும், போலீஸ் நிலையத்துக்கும் நடக்க வேண்டும்.

உன் மகனும் ஓட்டுவான் என்று எழுதியிருந்தாய், எனக்குக் கவலை அதில்தான். அவன் கற்றுக்கொண்டது ஃபோர்-ஸ்ட்ரோக், திராட்டலை மூடினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று அவன் கைக்குப் பழக்கம். இது பிடிக்காது, மூடினாலும் வழுக்கிக்கொண்டே போகும். பிரேசர் மலையிலிருந்து இறங்குகிற மாதிரி நீளமான இறக்கத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் எஞ்சினுக்குத் தானே எண்ணெய் கொடுக்கும் ஆட்டோலூப் பம்பு எஞ்சின் வேகத்தோடு திராட்டல் திறப்பதையும் பொறுத்துத்தான் எண்ணெய் ஊற்றுகிறது, மூடிக்கொண்டு உச்ச ஆர்பிஎம்மில் இறங்கினால் பிஸ்டனுக்கு எண்ணெய் பட்டினி. அவனிடம் சொல், இறக்கத்தில் நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும், இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்க வேண்டும். எஞ்சின் இறுகும்போது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், முன்கூட்டியே சத்தம் ஒரு மாதிரி கனத்து இழுவை குறையும், அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தால் தப்பிக்கலாம். இதைக் காலி மைதானத்தில் அவனுக்கு நீயே பக்கத்தில் நின்று பழக்கு. எண்ணெய் டாங்கியைக் காலையில் திறந்து பார்க்காமல் அவன் சாவியைத் தொடக் கூடாது.

இன்னொன்று. இஜோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார், தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு கியர் ஆர்எக்ஸ்இசட், ஆரம்பத்திலிருந்து அவர் ஒருவர் கையில்தான் இருந்தது. சீட்டு கிழிந்திருக்கிறது, டாங்கி நிறம் வெளுத்துவிட்டது, எக்ஸோஸில் துரு. ஆனால் சிலிண்டர் பிலாக் இன்னும் கடைந்து போர் போடாத அசல் அளவு, பிளக் நிறம் நான் என் கண்ணால் பார்த்தேன், முறுக்கி விட்டால் சத்தம் சட்டென்று விழுகிறது. கண் தெரியவில்லை, இனி ஓட்ட மாட்டேன், விற்றுவிடுகிறேன் என்கிறார், ஆனால் சாலையில் பந்தயம் விடும் ரேம்பிட் பையன்களுக்குத் தர மாட்டாராம். உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். படத்தில் பார்த்த வண்டிக்குக் கேட்ட விலையை விடக் குறைவாகத்தான் முடியும் என்று நினைக்கிறேன், மிச்சம் வரும் பணத்தில் சீல், பேரிங், பிஸ்டன் ரிங் எல்லாம் அசலாகவே மாற்றிவிடலாம், வேலையை நானே என் பட்டறைக்காரரோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வா, மகனையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு நாள் இங்கேயே தங்கு. அதுவரை அந்தப் படத்து வண்டியை விற்கும் ஜொகூர் ஆளிடம் முன்பணம் எதுவும் கொடுக்காதே, அவன் அவசரப்படுத்தினால் எனக்குப் போன் போடு. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் கூட்டாளி,
பெஸ்தாரி ஜெயாவிலிருந்து