ஊட்டியிலிருந்து காரில் இறங்கப்போகும் மகளுக்கு

மேட்டுப்பாளையம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஊட்டிக் குளிரும் மருத்துவமனை வேலையும் பழகிவிட்டதாக எழுதியிருந்தாய். மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் புதிதாக வாங்கிய காரை இனி வார இறுதிகளில் நீயே ஓட்டிக்கொண்டு கீழே வரப்போகிறாய் என்பதையும், இறக்கத்தில் எந்தக் கியரிலும் போடாமல் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னதையும் படித்தபின், மற்ற செய்திகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவள் என்பதால் கணக்கோடுதான் சொல்வேன். பொறுமையாகப் படி, கண்ணு.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் 325 மீட்டர் அளவில் இருக்கிறது. இடைப்பட்ட உயரத்தை 1,900 மீட்டர் என்று வைத்துக்கொள். உன்னையும் உன் பெட்டியையும் சேர்த்துக் காரின் நிறை 1,000 கிலோ என்றால், அதை ஈர்ப்பு முடுக்கமான 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கும்போது 1 கோடியே 86 லட்சம் ஜூல் வருகிறது. மேலே நிற்கும் காரிடம் அவ்வளவு நிலையாற்றல் இருக்கிறது. ஏறும்போது பெட்ரோல் எரிந்து கொடுத்த ஆற்றல் அது. நம் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும்போது அதனிடம் அந்த உயரமும் இல்லை, வேகமும் இல்லை. ஆற்றல் அழியாது என்பதால், அத்தனையும் வழியிலேயே வெப்பமாக மாறியிருந்தாக வேண்டும். 60 லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்க அந்த வெப்பம் போதும்.

இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் 1840களில் செய்து காட்டியதும் இதைத்தான். கயிற்றில் கட்டிய எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அவற்றின் இழுப்பால் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் ஒன்றைச் சுழலவைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். டிகிரியின் சிறு பகுதியளவே ஏறிய அந்தச் சூட்டை அவர் விடாமல் திரும்பத் திரும்ப அளந்ததால்தான், இறங்கும் எடைக்கும் பிறக்கும் வெப்பத்துக்கும் மாறாத ஒரு விகிதம் உண்டு என்பது நிலைபெற்றது. மலையிறங்கும் ஒவ்வொரு வண்டியும் அந்தச் சோதனையைப் பெரிய அளவில் செய்துகொண்டிருக்கிறது. வெப்பம் பிறப்பதை உன்னால் தடுக்க முடியாது; அது எங்கே பிறக்க வேண்டும் என்பது மட்டுமே உன் கையில் இருக்கிறது.

பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது நான்கு சக்கரங்களின் பிரேக்கிலேயே பிறக்கும். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உன் காரை நிறுத்த, பிரேக் ஏறத்தாழ 62,000 ஜூல் இயக்க ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 1 கோடியே 86 லட்சத்தை இதனால் வகுத்துப் பார்: அந்த வேகத்திலிருந்து 300 முறை காரை நிறுத்துவதற்குச் சமமான வேலை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பாதையில். சக்கரம் உருளும்போதும் காற்றைக் கிழிக்கும்போதும் ஒரு பங்கு கழியும் என்றாலும், வேகத்தை அடக்கி இறங்கும்போது காற்று எடுத்துக்கொள்வது சொற்பம். நீ விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை அழுத்திப் பிடிப்பது பிரேக் பேட்; சூடு ஏற ஏற அதன் உராய்வு குறையும். அதைவிட ஆபத்து பிரேக் ஆயிலில் இருக்கிறது. புதிய ஆயில் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் கொதிநிலை 150 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்கினால் அது சுருங்காமல் விசையைச் சக்கரம் வரை கொண்டுசேர்க்கும். ஆவியோ சுருங்கிக்கொள்ளும், அதனால் மிதி தரைவரை போனாலும் கார் நிற்காது.

பர்லியாரில் நீயே பார்த்திருப்பாய். சமவெளியிலிருந்து வந்த வண்டிகள் இறங்கும் வழியில் ஓரங்கட்டி நிற்கும். முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை கசியும், கருகிய நெடி சாலையைக் கடந்து மூக்கில் ஏறும், யாராவது ஒருவர் பாட்டில் தண்ணீரை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றப் போவார். அப்படி ஊற்றக்கூடாது என்பதையும் நினைவில் வை. கொதிக்கும் இரும்பு சட்டென்று ஓரிடத்தில் மட்டும் குளிர்ந்தால் டிஸ்க் கோணிக்கொள்ளும் அல்லது விரிசல் விடும். அரைமணி நேரம் காற்றாட நிறுத்திவைப்பதே போதும்.

இரண்டாம் கியரில் இறங்கினால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழி ஏறக்குறைய அடைபடுகிறது. அடைபட்ட வழியாகக் காற்றை இழுப்பதற்குப் பிஸ்டன்கள் படும் பாடும், உள்ளிருக்கும் உராய்வும் சக்கரத்தின் வேகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே பிறக்கும் சூட்டை வெளியேற்றுவதற்கென்றே ரேடியேட்டரும் புகைக்குழாயும் இருக்கின்றன. எஞ்சின் உரக்கச் சத்தம் போடும். அதைக் கேட்டுப் பயப்படாதே, வேலை செய்கிறது என்று பொருள்.

உடன் வேலை செய்பவர் சொன்ன பெட்ரோல் கணக்கும் தவறு. இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் பெட்ரோல் செல்வது நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். சாவியையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. எஞ்சின் நின்றால் பிரேக் மிதிக்குக் கிடைக்கும் துணைவிசையும் சில மிதிகளில் தீர்ந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

நியூட்ரலில் விட்ட கார் எப்படி வேகம் பிடிக்கும் என்பதற்குக் கலிலியோவின் சாய்தளத்தை நினைத்துக்கொள். 12 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் சரிவில், ஈர்ப்பு முடுக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு காரைக் கீழே இழுக்கும். கல்லாருக்கு மேல் மலை ரயிலுக்குப் பல்சக்கரத் தண்டவாளம் போட வேண்டியிருந்ததற்குக் காரணமான சரிவு அது. சாலை பெரும்பாலும் அதைவிட மென்மையானதுதான். ஆனாலும் அப்படி ஓரிடத்தில் நின்ற நிலையிலிருந்து விட்டால், 20 நொடிகளில் கார் மணிக்கு 59 கிலோமீட்டரைத் தொடும். உராய்வைக் கழித்தாலும் 45-ஐத் தாண்டும். அதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிடும்.

வளைவில் காரைத் திருப்புவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்ப வளைவின் மையத்தை நோக்கி நொடிக்கு நொடி 2 மீட்டர் அளவு முடுக்கம் (மையநோக்கு முடுக்கம்) போதும். 40 கிலோமீட்டரில் அது நான்கு மடங்காகி 8-ஐத் தாண்டிவிடும். மழையில் நனைந்த தார்ச்சாலை 5 அளவுக்கு மேல் தருவது அரிது. திருப்பத் தேவைப்படும் விசையும் உராய்வு தரும் விசையும் நிறைக்கு ஏற்பவே கூடி, சமன்பாட்டின் இரு பக்கமும் நிறை அடிபட்டுப் போவதால், கனமான கார் என்பதால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று எண்ணாதே. டயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு, அதைப் பிரேக்கும் திருப்பமும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்பு. குன்னூர் வழியில் இப்படி 14 வளைவுகள். மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 இருக்கின்றன, சரிவும் கடுமை; தோழிகள் அழைத்தாலும் இந்த ஆண்டு அந்தப் பக்கம் காரை எடுக்காதே.

குறுகலான இடத்தில் எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடு. சட்டமும் அதுதான். ஈர்ப்பை எதிர்த்து நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்புவது ஏறுகிறவருக்குத்தான் சிரமம்.

அடுத்து மின்சாரக் கார் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இறங்கும்போது அதன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, உயரத்தின் ஆற்றலில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும் என்பதால் மலைக்கு ஏற்றதுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஊட்டியிலேயே முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால், திரும்பி வரும் ஆற்றலை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது, சுமை மறுபடி பிரேக்கின் மேலேயே விழும். அது வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைய காரின் பிரேக் ஆயிலையும் பேடையும் இந்த வாரமே பார்க்கச் சொல். பார்த்ததும் எனக்குப் போன் செய். பனிமூட்டம் விலகிய பிறகு, காலை 9 மணிக்கு மேல் கிளம்பினால் போதும்.

அன்புடன்,
அம்மா