மோடத்துக்கு முதல் பங்கு

அன்புள்ள நண்பருக்கு,

மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியிருப்பதையும், அதற்காக வீட்டுக்கு வரும் ஒரே கேபிளைத் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்குமாகப் பிரிக்கப் போவதையும் உங்கள் கடிதத்தில் கண்டு மகிழ்ந்தேன். சென்ற ஆண்டு இதே வேலையில் நான் மூன்று வாரம் அலைக்கழிந்தேன். அந்தத் தொல்லை உங்களுக்கு நேரக் கூடாதென்றே உடனே எழுதுகிறேன்.

ஒரு கேபிளை நான்காகப் பிரிக்கும் நான்கு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்றை மாட்டி, ஒரு முனையில் இணையத்துக்கான மோடத்தையும் இரண்டில் தொலைக்காட்சிகளையும் இணைத்து, நான்காவதை வெறுமனே விட்டிருந்தேன். படம் தெளிவாகத் தெரிந்தது. இணையமோ நாளுக்கு நாலைந்து முறை அறுந்தது. ஸ்ப்ளிட்டர் சிக்னலைப் பங்கிடத்தான் செய்கிறது என்பது பிறகே புரிந்தது. இரு வழி என்றால் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபல் குறைந்து, வந்த சக்தியில் பாதிக்கும் குறைவே மிஞ்சும். நான்கு வழியில் ஏறத்தாழ 7 டெசிபல் போய், ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். படம் காட்டுவதற்குச் சிக்னல் வந்து சேர்ந்தால் போதும். மோடமோ பதிலும் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் தாழ்ந்த அலைவரிசையில் அதே ஸ்ப்ளிட்டர் வழியாகத் திரும்பிப் போகையில் மீண்டும் அதே அளவு இழக்கிறது. அதை ஈடுகட்ட மோடம் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போய், எல்லையைத் தொட்டதும் இணைப்பு தடுமாறுகிறது.

ஆகவே கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே இரு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்றை வைத்து, ஒரு முனையை நடுவில் வேறெதுவும் இல்லாமல் நேரே மோடத்துக்குக் கொண்டுபோங்கள். தொலைக்காட்சிகளுக்கான பிரிவுகள் எல்லாம் மறுமுனையிலிருந்தே கிளைக்கட்டும். ஸ்ப்ளிட்டரின் மேல் 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிஷ் ஆன்டெனாவுக்கானவற்றுள் சில 950 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்கும், அவை உதவா. சும்மா இருக்கும் முனையில் அதை மூடும் சிறு மூடியான 75 ஓம் டெர்மினேட்டரைத் திருகிவிடுங்கள். கனெக்டர்கள் தளர்ந்திருந்தால் வெளி இரைச்சல் உள்ளே புகும் என்பதால், ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். திரும்பும் சிக்னலுக்கு வழிவிடாத பூஸ்டர் இணையத்தை அடியோடு நிறுத்திவிடும்.

பல கேபிள் மோடங்களில், உலாவியில் 192.168.100.1 என்று இட்டால் சிக்னல் அளவுகள் தெரியும். பிரிப்பதற்கு முன்னும் பின்னும் அவற்றைக் குறித்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்